நிரலிலிருந்து பயனரின் உரைத்திருத்தியைத் திறந்தால், அவர் எழுதியது காணாமற்போகிறது

வரைவேடு கேட்டது:

வணக்கம். லினக்ஸ் முனையத்தில் இயங்கும் சிறிய நாட்குறிப்பு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி, நண்பர்கள் சிலரோடு பயன்படுத்தி வருகிறேன். புதிய குறிப்புக்கான கட்டளையைக் கொடுத்ததும், அன்றைய தேதியை முதல் வரியாகக் கொண்ட வரைவுக் கோப்பு ஒன்று உருவாகி உரைத்திருத்தியில் திறக்க வேண்டும். எழுதியவர் சேமித்து மூடிய பிறகு, அந்த உரையை நிரல் எடுத்துத் தரவுத்தளத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில், ஒரு மாற்றத்தை விளக்கும் கமிட் செய்தியை எழுதும்போது நடப்பதைத்தான் நானும் செய்ய முயல்கிறேன்.

இதுவரை நான் செய்திருப்பது இதுதான். பைத்தானின் டெம்ப்ஃபைல் தொகுதியில் உள்ள, தற்காலிகக் கோப்பை உருவாக்கித் தரும் நேம்டு டெம்பரரி ஃபைலைக் கொண்டு கோப்பை உருவாக்கி, தேதியை எழுதி, அது உடனே கோப்பில் சேரும்படி ஃபிளஷ் செய்கிறேன். வேறு நிரல்களை இயக்க உதவும் சப்பிராசஸ் தொகுதி வழியாகத் திருத்தியை இயக்கி, அது முடியும்வரை காத்திருக்கிறேன். முடிந்ததும், ஏற்கெனவே திறந்திருக்கும் அதே கோப்புப் பொருளைத் தொடக்கத்துக்கு நகர்த்திப் படித்துவிட்டு மூடுகிறேன். மூடினால் கோப்பு தானாகவே நீங்கிவிடும் என்பதால், துப்புரவான வழி என்று எண்ணியிருந்தேன்.

நானோ திருத்தியை மட்டும் நேரடியாக அழைத்தவரை மூன்று வாரங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு இரண்டு மாற்றங்களைச் செய்தேன். நிரல்கள் எல்லாம் படிக்கக்கூடிய அமைப்பு மதிப்புகளில் ஒன்றான எடிட்டர் என்னும் சூழல் மாறியில் பயனர் எதை வைத்திருக்கிறாரோ அதையே இயக்கும்படி மாற்றினேன். நாங்கள் பயன்படுத்துவது பலர் பகிரும் சேவையகம் என்பதால், வரைவுக் கோப்பைப் பொதுத் தற்காலிக அடைவிலிருந்து பயனரின் சொந்த அடைவுக்குள் ஒரு மறைகோப்புறைக்கு நகர்த்தினேன். அதன் பின் நடந்தவை எனக்குப் புரியவில்லை.

எனக்கு நானோவில் எல்லாம் முன்போலவே இயங்குகிறது. விம் பயன்படுத்தும் நண்பர் அரை மணி நேரம் உட்கார்ந்து இரண்டு பக்க அளவுக்கு எழுதிச் சேமித்து மூடினார். தரவுத்தளத்தில் சேர்ந்தது தேதி வரி மட்டும். கோப்புறையைத் திறந்து பார்த்தால் வரைவும் இல்லை. இத்தனைக்கும், வரைவு பொதுத் தற்காலிக அடைவில் இருந்தபோது அவருடைய விம் சரியாகவே இயங்கியது. விஎஸ் கோட் பயன்படுத்தும் இன்னொருவருக்கோ, சாளரம் திறப்பதற்கு முன்பே முனையத்தில் "குறிப்பு சேர்க்கப்பட்டது" என்று வந்துவிடுகிறது. காத்திருக்கச் சொல்லும் வெயிட் என்ற தெரிவை அவர் மாறியின் மதிப்பிலேயே சேர்த்துப் பார்த்தார். அப்படியொரு கோப்பே இல்லை என்ற பிழையோடு நிரல் நின்றுவிட்டது.

நண்பரின் இரண்டு பக்கங்கள் எங்கே போயின? ஒவ்வொரு திருத்திக்கும் தனித்தனியாக நிரல் எழுதாமல், எல்லாவற்றுக்கும் பொருந்தும் முறை ஒன்று உண்டா?

கருந்திரை மறுமொழி:

உங்கள் நண்பரின் உரையை விம் ஒழுங்காகவே சேமித்தது. அதை அழித்தது உங்கள் நிரல்தான். எப்படி என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அந்த மறைகோப்புறைக்குள் ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கி, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை ஐ என்ற தெரிவோடு கொடுங்கள். பெயருக்கு முன்னால் தெரியும் எண்தான் ஐநோடு எண், அதாவது பெயர் எதுவானாலும் கோப்பையே அடையாளப்படுத்தும் எண். நானோவில் திறந்து ஒரு வரி சேர்த்துச் சேமித்தபின் மறுபடி பாருங்கள். அதே எண் இருக்கும். இப்போது விம்மில் திறந்து சேமித்துவிட்டுப் பாருங்கள், எண் மாறியிருக்கும். நானோ இருக்கிற கோப்பின் மேலேயே எழுதுகிறது. விம்மோ, பேக்கப்காப்பி என்னும் அமைப்பு ஆட்டோ என்று இருக்கும் வழக்கமான நிலையில், பழைய கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பெயரில் புதிய கோப்பொன்றை எழுதி, எழுதி முடித்ததும் பழையதை நீக்குகிறது. எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் ஏதேனும் ஒரு முழுப் பிரதி மிஞ்ச வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. குறை சொல்ல முடியாது.

உங்கள் நிரல் திறந்து வைத்திருப்பது பெயரை அன்று, பழைய ஐநோடை. அதில் தேதி வரி மட்டுந்தான் உண்டு. அதைத்தான் படித்துச் சேர்த்தது. அடுத்து, நேம்டு டெம்பரரி ஃபைல் மூடப்படும்போது கோப்பைப் பெயரைக் கொண்டு நீக்குகிறது; அந்த நேரத்தில் அந்தப் பெயரில் இருந்தது நண்பர் எழுதிய புதிய கோப்பு. ஆகவே பழையதைப் படித்துவிட்டுப் புதியதை அழித்திருக்கிறீர்கள். இரண்டில் ஒன்று மட்டும் நேர்ந்திருந்தால் உரை எங்காவது கிடைத்திருக்கும்.

பொதுத் தற்காலிக அடைவில் ஏன் இயங்கியது என்பதுதான் இந்தக் கேள்வியிலேயே சுவையான பகுதி. விம்மில் பேக்கப்ஸ்கிப் என்றொரு அமைப்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பில், பொதுத் தற்காலிக அடைவும் டிஎம்பிடிர் போன்ற சூழல் மாறிகள் சுட்டும் அடைவுகளும் அடங்கும். அங்குள்ள கோப்புகளுக்கு விம் காப்புப் பிரதி எடுப்பதில்லை. எடுக்காதபோது இருக்கிற கோப்பின் மேலேயே எழுதிவிடுகிறது. கோப்பை இடத்திலேயே திருத்தாமல் மாற்றி வைத்தால் ஏற்க மறுக்கும், நேரப்படி ஓடும் வேலைகளின் பட்டியலைத் திருத்த உதவும் கிரான்டேப் போன்ற கருவிகள் இதனால்தான் பெரும்பாலும் விம்மோடு சண்டை போடாமல் இருக்கின்றன. உங்கள் நிரலில் இருந்த பிழை முதல் நாளிலிருந்தே இருந்தது. அடைவு மாறியதும் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

பேக்கப்காப்பியை மாற்றிக்கொள்ளுமாறு நண்பரிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றக்கூடும், தயவுசெய்து சொல்லாதீர்கள். இன்றைக்கு விம், நாளைக்கு வேறொன்று. எந்தத் திருத்தியும் எந்த முறையிலும் சேமிக்கலாம் என்று வைத்துக்கொண்டு நிரலை எழுதுவதே முறை. டெம்ப்ஃபைல் தொகுதியிலேயே உள்ள எம்கேஎஸ்டெம்ப் கொண்டு கோப்பை உருவாக்குங்கள். உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் கூடிய 0600 அனுமதியோடு அது உருவாகும். தேதியை எழுதியதும் கோப்பை மூடிவிடுங்கள். திருத்தியை இயக்கி, அது முடிந்தபின் பாதையைக் கொண்டு கோப்பைப் புதிதாகத் திறந்து படியுங்கள். தரவுத்தளத்தில் பதிவு உறுதியான பிறகு, அதற்கு ஒரு நொடி முன்னால்கூட அல்ல, கோப்பை நீக்குங்கள்.

விண்டோஸிலும் இயங்க வேண்டுமென்றால் இன்னொரு காரணமும் சேர்கிறது. அங்கே நேம்டு டெம்பரரி ஃபைலை இயல்பான அமைப்பில் திறந்து வைத்திருக்கும்போது, வேறு நிரல் அதைத் திறக்கவே முடியாது. இதற்காகவே பைத்தான் 3.12இல், மூடும்போது நீக்காமல் இருக்கும்படி சொல்ல ஒரு தெரிவைச் சேர்த்தார்கள். தமிழில் எழுதுபவர்கள், எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் குறிமுறையையும் கவனிக்க வேண்டும்: கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்கு முந்தைய நோட்பேட் இயல்பாகத் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத ஏஎன்எஸ்ஐ முறையில் சேமித்ததால், கவனிக்காமல் சேமித்த தமிழ் உரை வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். அப்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தாலும் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை அது ஒட்டிவிடும். அந்தக் குறி இருந்தால் விலக்கிப் படிக்கும் வகை பைத்தானிலேயே இருக்கிறது.

வரிமுனை மறுமொழி:

கோப்பைப் பற்றிக் கருந்திரை சொல்லிவிட்டார். எந்தத் திருத்தியை எப்படி அழைப்பது என்பதை நான் சொல்கிறேன்.

எடிட்டர் மாறியை மட்டும் பார்ப்பது போதாது. விஷுவல் என்ற மாறியையும், அதை முதலிலும், பார்க்க வேண்டும். இரண்டு மாறிகள் இருப்பதற்குக் காரணம் பழைய எந்திரங்கள். தாளில் அச்சிடும் டெலிடைப்பில், கென் தாம்சனின் ஈடி போன்ற வரித்திருத்திதான் பயன்படும். பில் ஜாய் 1976இல் எழுதிய விஐ போன்ற முழுத்திரைத் திருத்திக்குக் கர்சரை நகர்த்தக்கூடிய திரை வேண்டும். ஆகவே திரையுள்ள முனையத்துக்கு விஷுவல், எங்கும் இயங்குவதற்கு எடிட்டர் என்று பிரித்து வைத்தார்கள். கிட் இந்தப் பிரிவை இன்றும் மதிக்கிறது. கிட்எடிட்டர் என்ற தன் சொந்த மாறி, பிறகு தன் அமைப்புக் கோப்பில் உள்ள கோர் எடிட்டர், பிறகு முனையம் திறனற்றதாக இல்லாவிட்டால் விஷுவல், பிறகு எடிட்டர், ஒன்றுமே இல்லையென்றால் விஐ என்பது அதன் வரிசை. உங்கள் நிரலுக்கும் சொந்த மாறி ஒன்று இருப்பது நல்லது. நாட்குறிப்புக்கு ஒரு திருத்தி, நிரலெழுத வேறொரு திருத்தி என்று வைத்திருப்பவர்கள் பலர். டெபியன் வழி வந்த இயங்குதளங்களில் கடைசிப் புகலிடமாக விஐயை அழைக்காமல், சென்சிபிள் எடிட்டர் என்ற கட்டளையை அழையுங்கள். அது பயனர் தேர்ந்ததைப் பார்த்துத் திறக்கும். விஐயிலிருந்து வெளியேறத் தெரியாமல் ஒருவர் திகைத்து நிற்பதும் தவிரும்.

அடுத்து, அந்தப் பிழைச் செய்தி. மாறியின் மதிப்பு ஒரு நிரலின் பெயர் மட்டுமன்று. தெரிவுகளையும் கொண்ட கட்டளைத் துண்டு. அதை அப்படியே ஒற்றைப் பெயராகச் சப்பிராசஸுக்குக் கொடுத்ததால், நடுவில் இடைவெளியுள்ள பெயரில் ஒரு கோப்பைத் தேடிவிட்டு, இல்லை என்கிறது. பைத்தானின் ஷ்லெக்ஸ் தொகுதியில் உள்ள ஸ்பிளிட் கொண்டு அதைப் பிரித்து, கடைசி உறுப்பாகக் கோப்பின் பாதையைச் சேர்த்துப் பட்டியலாகக் கொடுங்கள். கோப்பின் பாதையைச் சரத்தோடு ஒட்டி, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லுக்கு அனுப்பாதீர்கள். கோப்புறையின் பெயரில் ஓர் இடைவெளியோ மேற்கோள்குறியோ இருந்தால் அதோடு முடிந்தது. கிட் ஷெல் வழியாகவே இயக்குகிறது என்றாலும், பாதையைத் தனி உறுப்பாகத்தான் தருகிறது. விண்டோஸில் ஸ்பிளிட்டின் இயல்பான முறை பின்சாய்வுக்கோடுகளை விழுங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்படிப் பிரிப்பது அற்ப வேலைபோலத் தோன்றும். ஆனால் 2023 ஜனவரியில் வெளியான சிவிஇ-2023-22809 என்னும் பாதுகாப்புக் குறை இந்த இடத்தில்தான் இருந்தது. வேறொருவரின் உரிமையில் கோப்பைத் திருத்த உதவும் சூடோஎடிட், மாறியைப் பிரித்தபின் திருத்தியின் தெரிவுகளையும் கோப்புகளின் பட்டியலையும் இரட்டைக் கோடு கொண்டு வேறுபடுத்தி வந்தது. பயனரே எடிட்டர் மாறிக்குள் ஓர் இரட்டைக் கோட்டையும் அதன்பின் வேறொரு கோப்பின் பெயரையும் வைத்துவிட்டால், தனக்கு அனுமதியில்லாத அந்தக் கோப்பையும் திருத்திவிட முடிந்தது. 1.9.12பி2 பதிப்பில் சரிசெய்தார்கள். உங்கள் நிரல் பயனரின் சொந்த உரிமையிலேயே ஓடுவதால் இந்த அபாயம் இல்லை. நாளைக்கு அதை வேறோர் உரிமையில் ஓடவிட நினைத்தால் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

விஎஸ் கோட் காத்திருக்காமல் திரும்புவது அதன் இயல்பு. ஏற்கெனவே ஒரு சாளரம் ஓடிக்கொண்டிருந்தால், முனையத்தில் இயக்கும் கட்டளை பாதையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு உடனே முடிந்துவிடும். விஎஸ் கோட்டுக்கும் ஜிஎடிட்டுக்கும் வெயிட், கேட்டுக்குப் பிளாக், சப்லைமுக்கு டபிள்யூ, ஜிவிம்முக்கு எஃப் என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கச் சொல்ல ஒரு தெரிவு உண்டு. ஈமேக்ஸ்கிளையன்ட் மட்டும் சொல்லாமலே காத்திருக்கும். இந்தத் தெரிவை மாறியில் சேர்ப்பது பயனரின் பொறுப்பு என்பதே என் கருத்து. நிரலே பெயரைப் பார்த்துத் தெரிவைச் சேர்க்கத் தொடங்கினால், அந்தப் பட்டியலைக் காலம் முழுவதும் நீங்கள் பராமரிக்க வேண்டிவரும்.

ஒன்றை மட்டும் செய்யலாம். திருத்தி ஒரு நொடிக்குள் திரும்பிவிட்டு, கோப்பும் மாறாமல் இருந்தால், "எழுதி முடித்ததும் என்டர் விசையை அழுத்தவும்" என்று கேட்டு நில்லுங்கள். கோப்பு மாறியதா என்பதை நேர முத்திரையைக் கொண்டு மட்டும் முடிவுசெய்யாமல், உரையையே ஒப்பிடுங்கள். ஃபேட்32 போன்ற கோப்பு முறைமைகளில் நேரம் இரண்டு நொடித் துல்லியத்தில்தான் பதிவாகிறது. இதற்காக, கட்டளைவரி நிரல்கள் எழுத உதவும் பைத்தானின் கிளிக் நூலகத்தில் உள்ள எடிட் செயற்கூறு, திருத்தியைத் திறப்பதற்கு முன்பே கோப்பின் நேரத்தை இரண்டு நொடி பின்னுக்குத் தள்ளி வைக்கிறது. ஏற்கெனவே கிளிக் பயன்படுத்துகிறீர்கள் என்றால், இதையெல்லாம் நீங்களே எழுதாமல் அந்தச் செயற்கூற்றையே அழைக்கலாம். சேமிக்காமல் மூடினால் அது எதுவுமில்லை என்று பொருள்படும் நன் (None) என்ற மதிப்பைத் திருப்பித் தரும்.

வரைவேடு மறுமொழி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐநோடு எண் விம்மில் மாறுவதையும், அதே கோப்பைப் பொதுத் தற்காலிக அடைவில் வைத்தால் மாறாமல் இருப்பதையும் நேரில் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி மாற்றியபின் மூன்று திருத்திகளும் இயங்குகின்றன.

புதிய சிக்கல் ஒன்று கிளம்பியிருக்கிறது. விம் நண்பர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, ஆச்சரியக்குறி இட்டு வெளிக் கட்டளை ஒன்றை ஓட்டினார். அது நெடுநேரம் ஓடியதால் கன்ட்ரோல்-சி அழுத்தினார். அந்தக் கட்டளையோடு என் நிரலும் விம்மும் சேர்ந்து விழுந்துவிட்டன. முனையத்தில் அதன்பின் தட்டச்சிட்ட எழுத்துகளே தெரியவில்லை. இதோடு, எழுதத் தொடங்கியபின் வேண்டாம் என்று நினைப்பவர் எப்படி விலகுவது என்பதையும் சொல்வீர்களா?

பழையமுனையம் மறுமொழி:

கன்ட்ரோல்-சி அழுத்தினால், முனையம், நிறுத்தச் சொல்லும் சிக்இன்ட் சமிக்ஞையை ஒரு நிரலுக்கு மட்டும் அனுப்புவதில்லை. முன்னணியில் இருக்கும் குழு முழுவதற்கும் அனுப்புகிறது. விம்மும், அது ஓட்டிய கட்டளையும், உங்கள் நிரலும் ஒரே குழு. விம் அதைத் தாங்கிக்கொள்ளும். உங்கள் பைத்தான் நிரல் தாங்காது. சப்பிராசஸின் ரன் செயற்கூறு அந்தக் குறுக்கீட்டைக் கண்டதும் கால் நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுத் திருத்தியை வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். கொல்லப்பட்ட விம்முக்கு முனையத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவகாசம் ஏது? அப்படி மாட்டிக்கொண்டால், எழுத்துகள் தெரியாவிட்டாலும் எஸ்டிடிஒய் சேன் (stty sane) என்று தட்டி என்டர் அழுத்துங்கள், சரியாகிவிடும்.

சி மொழியின் சிஸ்டம் செயற்கூறு, காத்திருக்கும் நேரத்தில் தாய் நிரலில் சிக்இன்ட்டையும் அதைப் போன்ற சிக்குவிட்டையும் புறக்கணித்து வைக்கிறது. கிட்டிலும் நீங்கள் சொன்ன இதே தொல்லை இருந்தது. 2012இல்தான் அதைச் சரிசெய்தார்கள். பைத்தானில் செய்யும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிக்இன்ட்டைப் புறக்கணிக்கும்படி அமைத்துவிட்டுத் திருத்தியை இயக்கினால், அந்தப் புறக்கணிப்பு திருத்திக்கும் மரபுரிமையாகச் சென்றுவிடும். அதனால் அது ஓட்டும் கட்டளைகளையும் கன்ட்ரோல்-சி கொண்டு நிறுத்த முடியாமல் போகலாம். மாறாக, எதையும் செய்யாத ஒரு வெற்றுச் செயற்கூற்றை, சமிக்ஞை வரும்போது இயங்கும் கையாளியாக அமையுங்கள். புதிய நிரல் தொடங்கும்போது கையாளிகள் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், திருத்திக்கு ஒரு பாதிப்பும் இராது. திருத்தி முடிந்ததும் பழைய கையாளியைத் திரும்ப வையுங்கள்.

விலகுவதற்கு மரபாக இரண்டு வழிகள் உண்டு. திருத்தி பூச்சியம் அல்லாத எண்ணோடு வெளியேறினால், எதையும் பதியாமல் விட்டுவிட வேண்டும். விம்மில் சிகியூ என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது. நானோவை வழக்கம்போல் மூடினால் அப்படி வெளியேறுவதில்லை என்பதால், உரை வெறுமையாக இருந்தாலும், நீங்கள் வைத்த தேதி வரி மட்டுமே மிஞ்சியிருந்தாலும், விலகல் என்றே கொள்ளுங்கள்.

எழுதுபவருக்கு உதவிக்குறிப்பு ஏதாவது வைக்க விரும்பினால், கிட்டைப் பார்த்து எண்குறியில் (#) தொடங்கும் வரிகளையெல்லாம் நீக்கிவிடாதீர்கள். உரையை வடிவமைக்கும் எளிய குறியீட்டு முறையான மார்க்டவுனில் தலைப்பு அந்தக் குறியோடுதான் தொடங்குகிறது. நாட்குறிப்பில் தலைப்பு போடுகிறவர் எல்லாத் தலைப்பையும் இழப்பார். வரைவின் அடியில் ஒரு வெட்டுக்கோடு போட்டு, உதவிக்குறிப்பை அதன்கீழ் வைத்து, கோட்டுக்குக் கீழே உள்ளதை மட்டும் நீக்குங்கள். கிட்டிலும் கத்தரிக்கோல் கோடு என்று இப்படி ஒன்று உண்டு.

வரிமுனையோடு ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. விஎஸ் கோட் என்று தெளிவாகத் தெரிந்தும், காத்திருக்கச் சொல்லும் தெரிவு இல்லை என்பதைக் கண்டும், பேசாமல் இயக்குவது பயனரைக் குழியில் தள்ளுவதாகும். தெரிவை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஒரு வரி எச்சரிக்கையாவது காட்டுங்கள்.

தரவுத்தளப் பதிவு தோற்றால், வரைவின் முழுப் பாதையை முனையத்தில் அச்சிட்டுவிட்டு நிறுத்துங்கள். கமிட் தோற்றாலும் கிட் எழுதிய செய்தியைத் தன் அடைவுக்குள்ளேயே கோப்பாக விட்டுவைக்கிறது. நிர்வாக உரிமைகளுக்கான அமைப்புக் கோப்பைத் திருத்த உதவும் விசூடோ, தொடரியல் பிழையைக் கண்டால், கோப்பைத் தூக்கி எறியாமல், மறுபடி திருத்துகிறீர்களா என்று கேட்கிறது. மறைகோப்புறைக்கு உரிமையாளர் மட்டுமே நுழையக்கூடிய 0700 அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். திருத்தும்போது உரையைக் காக்க விம் வைத்துக்கொள்ளும் இடைமாற்றுக் கோப்பு வழக்கமாக வரைவின் பக்கத்திலேயே உருவாகும், அதிலும் நாட்குறிப்புதான் இருக்கும்.

வரைவேடு மறுமொழி:

வெற்றுக் கையாளியை அமைத்து, நண்பரைக் கொண்டே கன்ட்ரோல்-சி அழுத்திப் பார்த்தாயிற்று. அவர் ஓட்டிய கட்டளை மட்டும் நின்றது, விம் அப்படியே இருந்தது. கோப்புறையின் அனுமதி 0755 என்று இருந்ததை இப்போதுதான் கவனித்து மாற்றினேன். எச்சரிக்கை வரியையும் சேர்த்துவிட்டேன்.

தொலைந்த இரண்டு பக்கங்களை நண்பர் மறுபடி எழுதவில்லை. புதிய பதிப்பில் அவர் பதிந்த முதல் குறிப்பு ஒரே வரி: "இதுவும் காணாமற்போனால் நான் நானோவுக்கு மாறமாட்டேன், நோட்டுப் புத்தகத்துக்கு மாறிவிடுவேன்." தரவுத்தளத்தில் அது பத்திரமாக இருக்கிறது.